தார் பூசிய பற்றரி

காரில் இன்னும் ஒரேயொரு அசிங்கம்தான் மிச்சம் என்று வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து ஸ்ரான்லி போனில் சொன்னான். அது அந்தப் பற்றரி.

ஜசிந்தன் அப்போது யாரோ ஒருவருடைய புதுவீட்டுக் குளியலறையில் முழங்காலில் நின்று, சுவரும் தரையும் சேரும் மூலைக்குத் தார்ப்பசை பூசிக்கொண்டிருந்தான். தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் அடைப்பதுதான் சிட்னியில் அவனுக்குக் கிடைத்த வேலை. ஊரில், பேசாலைக் கடற்கரையில் தகப்பனோடு வள்ளங்களுக்குச் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதால் வேலை சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "பற்றரிக்கு என்னடா? புத்தம் புதுசு" என்றான்.

"அதுதான் பிரச்சினை. தொண்ணூறு வயசுக் காரில மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டின பிளாஸ்ரிக் பெட்டி. மேல சிவப்பு மூடி வேற. கிளெனிட்டப் படம் எடுப்பிச்சுப் பாத்தனான். மாப்பிள்ளை பட்டு வேட்டியோட றப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தமாதிரி நிக்குது."

"ஆர் அதைப் பாக்கப் போறான்?"

"நான் பாக்க ஏலாது. அதுக்காக அது அசிங்கமா இருக்கலாம் எண்டில்லை."

ஜசிந்தன் தூரிகையை வாளியின் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

இருவரும் ஒரே படகில் வந்தவர்கள். வந்து சேர்ந்தபின் ஜசிந்தன் குளியலறைகளுக்குள் போனான். ஸ்ரான்லி பிளாக்டவுனில் கிளென் என்ற கிழவரின் கராஜில் தகரம் அடிக்கப் போனான். கிளென் பழைய கார்களுக்குப் பெரிய எஞ்சின் வைத்துக் கட்டும் பைத்தியம் பிடித்தவர். ஹொட் றொட் என்று அதற்குப் பெயர். ஸ்ரான்லிக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. ஏதோ ஒரு பண்ணையில் கோழிகள் அடைகிடந்த பழைய ஃபோர்ட் பிக்கப் ஒன்றின் கூட்டைக் கொண்டுவந்து, கராஜின் பின்பக்கத்தில் வைத்து, வேலை முடிந்த பின்னேரங்களில் கட்டத் தொடங்கினான். கலியாணம் செய்யவில்லை, வீடு வாங்கவில்லை. கேட்டால், விசா வரட்டும் என்பான். கார் மட்டும் விசாவுக்குக் காத்திருக்காமல் வருடா வருடம் வளர்ந்தது. பின்தட்டுக்குப் பலகையைத் தானே சீவி, ஆணி தெரியாமல் பொருத்தினான். பற்றரியை அந்தப் பலகைத் தட்டின் நடுவில் இருத்தினான். ஒளிப்பது கோழைத்தனம் என்றான். நல்ல காரில் எல்லாம் வெளியில் தெரிய வேண்டுமாம்.

எஞ்சினை இறக்கி வைத்த கிழமையில்தான் அவனுடைய விசா முடிந்தது. வேலைக்குப் போகும் வழியில் குடிவரவு அதிகாரிகள் அவனைப் பிடித்து முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மிச்ச வயர்களைக் கிளென் இணைத்தார். எஞ்சின் முதன்முதலாக உறுமியபோது கராஜில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜசிந்தனும் தட்டினான். பிறகுதான், அந்தச் சத்தத்தைக் கேட்காதவன் அதைக் கட்டியவன் ஒருவன் மட்டும்தான் என்பது அவனுக்கு உறைத்தது. பதிவுசெய்து அனுப்பிப் பார்த்தார்கள். "போனில எல்லா எஞ்சினும் தையல் மெசின்தான்" என்று ஸ்ரான்லி எழுதினான்.

"டேய், நிக்கிறியா?" என்றது போன்.

"நிக்கிறன். சொல்லு."

"திங்கக்கிழமை என்னை மெல்பேர்ன் முகாமுக்கு மாத்துகினம்."

வாளியில் தார்ப்பசை மேலே ஆடைபிடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏனாம்?"

"மாற்றமாம். அவ்வளவுதான் சொன்னது. ஞாயிறு பின்னேரம் பின்பக்க முற்றத்தில நிப்பன். அதில நிண்டா றோட்டுச் சத்தம் வடிவாக் கேக்கும். நேற்று ஒரு குப்பை லொறி கியர் மாத்தினது கூடக் கேட்டது. காரைக் கொண்டுவந்து வேலிக்கு முன்னால ஒருக்கா ஓட்டு மச்சான். ஒருக்காக் கேட்டாப் போதும். மெல்பேர்னுக்கு ஆர் அதை ஓட்டிக்கொண்டு வாறது?"

"கொண்டு வாறன்."

"ஆனா அந்தப் பற்றரியோட கொண்டு வராத. அந்தக் காலத்துப் பற்றரி மாதிரி ஆக்கு. கறுப்புப் பெட்டி, மேல தார் ஊத்தி, தாருக்கு மேல ஈயப்பட்டை. இணையத்தில பார், கிடக்கு. தார் உன்ர சாமான்தானே."

"ஆக்கிறன்."

போனை வைத்ததும் ஜசிந்தனுக்கு வெட்கம் கலந்த ஒரு நிம்மதி வந்தது. ஸ்ரான்லியைப் பிடித்த நாளிலிருந்து அவன் வக்கீலிடம் போயிருந்தான், சுவாமியாரிடம் போயிருந்தான், முன்பின் தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தான். எங்கு போனாலும் கதிரை தந்து, தண்ணீர் தந்து, காத்திருக்கச் சொன்னார்கள். அவனிடம் இருந்ததும் ஸ்ரான்லியுடையதைப் போன்ற தற்காலிக விசாத்தாள்தான் என்பதால் சத்தம்போட்டுக் கேட்கவும் பயம். இப்போதுதான் முதல் தடவையாகக் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியம் வந்திருந்தது.

பற்றரியைக் கராஜிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்தான். கிளென் மகளைப் பார்க்க நியூகாசிலுக்குப் போயிருந்தார். ஞாயிறு காலைதான் வருவார். மனைவி மாக்கிறேட் மேசையின் மறுபக்கத்தில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, சாப்பிடுற மேசையில என்ன சவப்பெட்டி?"

"ஸ்ரான்லியின்ர பற்றரி. வடிவாக்கப் போறன்."

"குசினிப் பைப் மாசக்கணக்கா ஒழுகுது. ஊரெல்லாம் அடைக்கிற மனுசனுக்கு அதை அடைக்க நேரமில்லை. பற்றரிக்கு மேக்கப் போட மட்டும் நேரம்."

"பைப் திங்கக்கிழமை மெல்பேர்னுக்குப் போகேல்லை."

மாக்கிறேட் மீனை மூடி வைத்தாள். கையைக் கழுவிவிட்டு, தலைமுடி உலர்த்தும் மெசினைக் கொண்டுவந்து தந்தாள். அதன் சூட்டில் மஞ்சள் ஸ்ரிக்கர் இளகிக் கழன்று வந்தது. மிஞ்சிய பசையை யூகலிப்டஸ் எண்ணெயால் துடைத்தான். வீடு முழுக்கத் தடிமனுக்கு மருந்து பூசிய வாசம் அடித்தது. பெட்டியின் நான்கு பக்கத்தையும் மணற்தாளால் தேய்த்து, மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ற் அடித்தான். காய்ந்ததும் அது பிளாஸ்ரிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் காலத்துப் பற்றரிகளின் கெட்டி றப்பர்ப் பெட்டி போல இருண்டு, ஆழமாக, தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு நின்றது.

அடுத்தநாள் வேலையிலிருந்து கூரை ஓரத்துக்கு அடிக்கும் ஈயத்தகட்டின் வெட்டுத்துண்டுகளும் ஒரு டப்பா தாரும் கொண்டுவந்தான். சிவப்பு மூடியின் மேல்பகுதியைத் தட்டையாக்கி, மூடியின் முழுப் பரப்புக்கும் தார் பூசினான். தார் இளகலாக இருக்கும்போதே ஈயப்பட்டைகளைப் பதித்தான். எந்தக் கம்பியிலும் முட்டாமல், அழகுக்கு மட்டும். அப்படிச் செய்தால்தான் மின்சாரம் தாவாது என்பது அவனுக்குத் தெரியும். அதில் அவன் மிகவும் கவனமாக இருந்தான்.

ஓரம் துடைக்கும்போதுதான் விரல் அதை உணர்ந்தது. மூடியின் இடதுபக்கத்தில் ஊசி புகும் அளவுக்கு ஒரு துவாரம். திருப்பிப் பார்த்தான். வலதுபக்கத்திலும் ஒன்று.

அவன் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தார் பூசிய பெட்டிக்குள் மழைத்தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யோசித்தான். பற்றரி இருப்பது திறந்த பலகைத் தட்டில். துவாரம் என்று ஒன்றைக் கண்டால் அவனுடைய கை அங்கே சும்மா இருந்ததில்லை. வள்ளத்தின் அடிப்பலகையில் ஊசித் துவாரம் இருந்தால் நடுக்கடலில் அது ஆளைத் தின்னும். குளியலறையில் இருந்தால் கீழ்வீட்டுக்காரன் வழக்குப் போடுவான். சிலிக்கன் குழாயை எடுத்து ஒரு பக்கத்துக்கு ஒரு சொட்டு, மற்றப் பக்கத்துக்கு ஒரு சொட்டு வைத்து, எச்சில் தொட்ட பெருவிரலால் அழுத்தி, மேலே கறுப்பு அடித்தான். எங்கே அடைத்தான் என்பது அவனுக்கே பிறகு தெரியவில்லை. நல்ல வேலை.

படம் எடுத்து அனுப்பினான். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: "மச்சான், இதுக்கு வயசு போயிட்டுது." ஜசிந்தன் அதை மாக்கிறேட்டுக்கு வாசித்துக் காட்டினான். இரண்டாவது தடவையும் வாசித்தான்.

சனி இரவு முழுக்கப் பற்றரி சாஜரில் கிடந்தது. ஞாயிறு காலை அதைத் தூக்கும்போது மாக்கிறேட், "பக்கம் ரெண்டும் கொஞ்சம் ஊதின மாதிரி இல்லையே?" என்றாள்.

"கறுப்பு அடிச்சா அப்பிடித்தான் தெரியும். கறுப்புச் சட்டை போட்டா மெலிஞ்சு தெரியும் எண்டு நீதானே சொல்லுறனி."

"அப்ப இது மெலிஞ்சு தெரியவேணுமே."

அவன் சிரித்துக்கொண்டு பற்றரியைத் தன் வேலை வான் வண்டியில் ஏற்றினான்.

கராஜில் கிளென் அதைச் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்னுடைய அப்பாவின் லொறியில் இருந்தது இதுதான்" என்று அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே என்ன பற்றரி என்பதையே மறந்துவிட்டவர் போல, அதைத் தட்டில் இருத்திப் பட்டியைக் கட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எழும்பியது. மாக்கிறேட் காதைப் பொத்திக்கொண்டாள். அது சத்தம் மட்டும் அல்ல. நெஞ்செலும்புக்குள் யாரோ பாரம் இறக்குவது போல ஒன்று. இது மதிலைத் தாண்டும், வேலியைத் தாண்டும், ஸ்ரான்லியின் வயிற்றுக்குள் போகும் என்று ஜசிந்தன் நினைத்தான்.

மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். மாக்கிறேட்டின் மடியில் மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் பெட்டி. நல்ல வெயில். சிவப்பு விளக்குகளில் நின்றபோதெல்லாம் பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டினார்கள். கிளென் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். ஒரு இடத்தில் பின்னால் நின்ற லொறிக்காரன் தட்டில் இருந்த பற்றரியைக் காட்டி ஏதோ கேட்க, ஜசிந்தன் திரும்பி, "நான் செய்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

வில்லாவுட்டில் முகாம் றோட்டுக்கு ஒரு வளைவு முன்னால், பூட்டிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மரநிழலில் கிளென் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்ரான்லி முற்றத்துக்கு வந்துவிட்டு அழைப்பதாக ஏற்பாடு. அவன் நிற்காதபோது ஓட்டி என்ன பயன்? பற்றிஸ் சாப்பிட்டார்கள். கிளென் இன்னொன்று கேட்டு வாங்கி, உறைப்பில் கண் கலங்கியபடி சாப்பிட்டார்.

போன் அடித்தது. மாக்கிறேட் சத்தத்தைக் கூட்டி மடியில் வைத்தாள்.

"வந்திட்டன். முற்றத்தில ஒருத்தரும் இல்லை, நான்தான். வளைவில நிக்கிறியளே?"

"ஓம். வாறம், ஸ்ரான்லி. காதைத் தீட்டிக்கொண்டு நில்" என்றான் ஜசிந்தன்.

கிளென் சாவியைத் திருப்பினார்.

துப்பாக்கி வெடித்ததுபோல் பின்னால் ஒரு சத்தம். ஜசிந்தன் தன்னை அறியாமல் மாக்கிறேட்டின் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கி அவள் மேல் கவிழ்ந்திருந்தான். பற்றிஸ் பெட்டி காலடியில் கவிழ்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. மரத்திலிருந்து பறவைகள் எழுந்துபோன சத்தம் மட்டும்.

"வெளியே. பின்பக்கம் தொடாதே" என்றார் கிளென்.

பற்றரியின் மூடி பிளந்து ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஈயப்பட்டை ஒன்று றோட்டில் கிடந்தது. அமிலம் பலகை வழியாக ஓடி, ஸ்ரான்லி சீவிய இழைகளுக்குள் இறங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. கிளென் இருக்கைக்குக் கீழிருந்து தண்ணீர்க் கலனை எடுத்து ஊற்றினார். எல்லாத் தண்ணீரையும் ஊற்றி முடித்தபின், வெடித்த மூடியை ஒரு தடியால் புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் சிலிக்கன் துளி இன்னும் கெட்டியாக, தன் இடத்தில் இருந்தது.

"இது மூச்சு விடும் துவாரம், நண்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. "சாஜ் ஏறும்போது உள்ளே வாயு வரும். அது வெளியே போகவேண்டும். போகாவிட்டால் ஒரு பொறி போதும்."

ஜசிந்தன் துளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடையில் வேறு பற்றரி வாங்கலாமா என்று கேட்டான். போய் வர வாகனம் இல்லை. யாரையாவது அழைத்து, வாங்கி, பூட்டி முடிக்க நேரமாகும் என்றார் கிளென். முற்றத்தில் எவ்வளவு நேரம் விடுவார்கள்? ஸ்ரான்லி முன்பே மாக்கிறேட்டிடம் சொல்லியிருந்தான்: கொஞ்ச நேரம்தான்.

மடியிலிருந்து விழுந்த போன் இருக்கையின் இடுக்கில் கத்திக்கொண்டு கிடந்தது. "என்ன சத்தம்? டேய். ஜசி. என்ன வெடிச்சது?"

அவன் எடுத்தான். "பற்றரி."

"ஆருக்கும் காயமே?"

"இல்லை."

"எப்பிடி வெடிச்சது?"

"ரெண்டு பக்கமும் துவாரம் இருந்தது, ஸ்ரான்லி. நான் அடைச்சிட்டன்."

மறுமுனையில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த முற்றத்தில் காற்று நன்றாக அடிக்கும்போல.

"என்னத்தால?"

"சிலிக்கன்."

"நல்லா அடைச்சியோ?"

"நல்லா அடைச்சனான்."

"நீ அடைச்சா ஒண்டும் வெளியால வராதுதான்" என்றான் ஸ்ரான்லி. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "அப்ப கார் ஸ்ராட் வராது."

"வராது."

"சரி."

அந்தச் 'சரி'யை ஜசிந்தனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம். அவன் கிளெனைப் பார்த்தான். கிளென் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளலாம்" என்றான் ஜசிந்தன்.

"தள்ளினால் எஞ்சின் எழும்பாது, பற்றரி செத்துவிட்டது."

"எழும்ப வேண்டாம். வேலிக்கு முன்னால் போகட்டும்."

கிளென் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். மாக்கிறேட் கேட்காமலேயே சாரதி இருக்கைக்கு நகர்ந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தாள். போனை முன்தட்டில் சாய்த்து வைத்தாள்.

"ஸ்ரான்லி, நான் மாக்கிறேட். உம்மட காரை நான் ஓட்டுறன்."

"அன்ரிமார் மாதிரி பிறேக்கை மிதிச்சுக்கொண்டே ஓட்டாதேங்கோ."

"பிறேக் எங்க கிடக்கெண்டே எனக்குத் தெரியாது."

கார் முதலில் அசைய மறுத்தது. இருவரும் தோளைக் கொடுத்தார்கள். அமிலம் படாத மூலையாகப் பார்த்துக் கை வைக்க வேண்டியிருந்தது. மெல்ல உருண்டது; வளைவைத் தாண்டியது. வேலி வந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு வேலி, அதற்கும் பின்னால் எங்கேயோ ஒரு முற்றம். கட்டடங்கள் மறைத்துக்கொண்டு நின்றன. மனிதன் ஒருவனும் தெரியவில்லை.

"எங்க இப்ப?" என்றது போன்.

"வேலி தொடங்குது" என்றாள் மாக்கிறேட்.

"ஒண்டும் கேக்கேல்லை."

"தள்ளிக்கொண்டு வருகினம். சத்தம் இல்லை."

வெயில் தார் றோட்டிலிருந்து முகத்துக்கு அடித்தது. கிளெனின் மூச்சு விசிலடித்தது. காவலுக்கு நின்ற இளைஞன் ஒருவன் கேற்றடியிலிருந்து இறங்கிவந்து, இங்கே வாகனம் நிறுத்தக்கூடாது என்றான். "நிறுத்தவில்லையே, பார்" என்று கிளென் நிமிராமல் சொன்னார். இளைஞன் காரைப் பார்த்தான். நல்ல கார் என்றான். பிறகு, நிற்க மட்டும் வேண்டாம் என்று திரும்பவும் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"மாக்கிறேட், போனைக் கொஞ்சம் வெளியால பிடியுங்கோ" என்றான் ஸ்ரான்லி.

அவள் ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போனை வெளியே நீட்டினாள். ரயர் மணலை அரைக்கும் சத்தம். எங்கேயோ ஒரு பலகை முனகும் சத்தம். தள்ளும் இரண்டு பேரின் மூச்சிரைப்பு. அவ்வளவுதான் அந்தக் காரிடம் இருந்தது. அவ்வளவையும் அவள் வேலியை நோக்கிப் பிடித்தாள்.

"ஜசி."

"ஓம்."

"பலகையில அமிலம் பட்டிட்டுதோ?"

ஜசிந்தன் தன் முகத்துக்கு நேரே கறுத்துக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தான். "பட்டிட்டுது."

"சோடாத்தூள் கரைச்சு ஊத்து. நிறையத் தண்ணி. இண்டைக்கே செய். விட்டால் உள்ளுக்குப் போயிடும்."

"செய்யிறன்."

"சட்டத்துக்குக் கீழயும் பார். அங்க கட்டாயம் இறங்கியிருக்கும். நான் எண்டால்…" அவன் நிறுத்தினான். பின்னணியில் யாரோ பெயர்கள் கூப்பிடுவது கேட்டது. ஒவ்வொரு பெயரும் தப்புத்தப்பாக. "கணக்கெடுக்கினம். நான் போகவேணும். இப்ப எவ்விடத்தில?"

"நடுவில" என்றாள் மாக்கிறேட். "சரியா நடுவில."

"போயிட்டு வாறன்" என்றான் ஸ்ரான்லி. போன் அணைந்தது.

மாக்கிறேட் கையை உள்ளே எடுத்தாள். முன்னாலும் பின்னாலும் வேலி நீண்டு கிடந்தது. கிளென், "நிறுத்தலாமா?" என்று கேட்டார். நிறுத்தக்கூடாது என்று சொன்ன இளைஞன் இன்னும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். திருப்பிக்கொண்டு போக இடம் போதாது. முன்னால் றோட்டுக் கொஞ்சம் மேடாக ஏறியது.

ஜசிந்தன் பதில் சொல்லாமல் தோளை மாற்றிக் கொடுத்தான். வெடித்த பற்றரி அவன் முகத்துக்கு முன்னால் மெல்ல ஆடிக்கொண்டு வந்தது. கார் உருண்டது.